நிற்கக் கூடாது என்று சொன்னவள்

ஏழு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. டெம்ப்ஸி தெரு ஜெப ஆலயத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் ரைசலும் இன்னும் மூன்று பெண்களும் அட்டைகளைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ரைசலின் அட்டையில் ஒரே வரிதான் எழுதியிருந்தது. "ஃபைவல், பதினோரு வருஷம் ஆயிற்று. சீட்டைக் கொடு." வியாழக்கிழமை காலைத் தொழுகையில் தோரா என்கிற வேதச் சுருளை வாசிப்பது உண்டு. ஃபைவல் அதைத் தவறவிடுகிற ஆள் இல்லை. அதனால்தான் அந்தக் கிழமையில் அந்த நேரத்துக்கு வந்து நின்றார்கள்.

போலீஸ் கார் ஒன்று ஓசைப்படாமல் வந்து நின்றது. இறங்கி வந்த பெண் போலீசுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"வணக்கம்மா. இங்க யாரு பொறுப்பு?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பு என்று யாரும் தங்களைக் கேட்பார்கள் என அவர்கள் நினைத்ததில்லை. கடைசியில் ப்ரோகா வாயைத் திறந்தாள். கல்யாணமான யூதப் பெண்கள் தலைமுடியை மறைக்க அணிகிற விக் செய்யும் கடையில் ரைசலோடு இருபது வருஷமாக வேலை பார்ப்பவள்.

"பொறுப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. இவளுக்குப் புருஷன் தொல்லை. நாங்க துணைக்கு வந்திருக்கோம்."

போலீஸ்காரி அட்டையைப் படித்தாள். "ஃபைவல்ங்கிறது?"

"உள்ளதான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கான். ரொம்ப பக்திமான்."

போலீஸ்காரிக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். "நீங்க அமைதியாத்தான் நிக்கிறீங்க, எனக்குத் தெரியுது. ஆனா புதுச் சட்டம் வந்திருக்கே. தொழுகை நேரத்துல ஆலயத்துலேருந்து நூறு மீட்டருக்குள்ள அட்டை பிடிச்சு நிக்கக் கூடாது. யூத ஆலயங்களுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னுதான் போட்டாங்க."

"நாங்களும் யூதப் பொம்பளைங்கதாம்மா."

"சட்டத்துல அப்படிப் பிரிச்சு எழுதலையே. யாரா இருந்தாலும்னுதான் இருக்கு."

ரைசல் அட்டையைக் கீழே இறக்கினாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்றவர்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது அவள் சொன்னது.

அவளுக்கும் ஃபைவலுக்கும் கோர்ட்டில் எல்லாம் முடிந்து பதினோரு வருஷம் ஆகிறது. நாட்டுச் சட்டப்படி அவள் யாருக்கும் மனைவி இல்லை. ஆனால் அவர்கள் மார்க்கத்தில், கணவன் தன் கையால் விலக்குச் சீட்டு கொடுக்கிறவரை அவள் அவன் மனைவிதான். அதை அவனுக்குப் பதிலாக வேறு யாரும் கொடுத்துவிட முடியாது. மதகுருக்களான ரபிகளின் மன்றம் நான்கு முறை அவனைக் கூப்பிட்டு அனுப்பியது. ஒவ்வொரு முறையும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "தர மாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? இப்ப என்ன அவசரம்?"

பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், ரைசலுக்காக நான்கு வருஷம் காத்திருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் அம்மா போட்டுக்கொண்ட விக்கைச் சுருட்டிவிட்டது ரைசல்தான். பொறுமையாக, ஒரு முடிகூடப் பிசகாமல் செய்து கொடுத்தாள்.

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தவள் இப்போது தெருவில் வந்து நின்றதற்குக் காரணம் இருந்தது. பஸ்கா பண்டிகை முடிந்ததும் ஃபைவல் வெளிநாட்டில், ஆன்ட்வெர்ப் நகரத்தில் இருக்கிற அண்ணனிடம் குடிபோகப் போவதாக ஊரெல்லாம் பேச்சு. கப்பலில் அனுப்ப வேண்டிய சாமான்களைக் கட்டியாகிவிட்டது. பண்டிகைக்கு இருந்ததோ ஐந்து வாரம். அவன் போய்விட்டால் அப்புறம் எந்தக் கதவைத் தட்டுவது?

அட்டைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சல்மன் சாலையைக் கடந்து ஓடி வந்தான். வாரத்தில் மூன்று நாள் சம்பளமில்லாமல் ஆலய வாசலில் காவல் நிற்பவன், மற்ற நாளில் பிளம்பர்.

"ரைசல், சத்தியமா நீங்கன்னு தெரியாது. கேமரால அட்டை மட்டுந்தான் தெரிஞ்சுது. அட்டையைப் பார்த்தா உடனே போன் பண்ணணும்னு எங்களுக்கு உத்தரவு."

"மூஞ்சியையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்ல?" என்றாள் ப்ரோகா.

"ஏழு மணி வெளிச்சத்துல எல்லா மூஞ்சியும் ஒண்ணாத்தான் இருக்கு."

"விடு ப்ரோகா," என்றாள் ரைசல். "அவர் மேல தப்பில்ல."

யார் மேல் தப்பு என்று அவள் சொல்லவில்லை.

முந்தைய ஆண்டு குளிர்காலத்தில் ஆலயத்தின் பக்கக் கதவுக்கு யாரோ தீ வைத்தார்கள். கதவு கருகிப்போனதோடு தப்பித்தது. அடுத்த ஓய்வுநாள் காலை ரைசல் தொழுகைக்கு நடந்து வந்தபோது, எதிர்ப்புற நடைபாதையில் முகத்தை மூடிய ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உள்ளே போகிறவர்களைப் பார்த்து அவர்கள் கத்தினார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் போனாள். "அடுத்த தடவை கதவோட விட மாட்டோம்," என்று ஒருவன் அவளிடம் சொன்னான். கத்தாமல், வழி சொல்கிற குரலில் சொன்னான். ரைசல் மூலைவீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினாள். பிறகு ஆறு வாரம் ஆலயத்தின் பக்கமே போகவில்லை.

சட்டசபைக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது அவள் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். அவள் பள்ளிக்கூடம் போனது பதினைந்து வயதுவரைதான். அதனால் சுற்றி வளைக்காமல், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நின்றதை நின்றபடியே எழுதியிருந்தாள். நேரில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டுப் பதில் வந்தது.

போனாள். நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், முன்னால் ஒரு ஒலிவாங்கி. அவளுக்கு முன்பு பேசியது, அதே ஆலயத்தில் தோரா வாசிக்கிற லுஸ்டிக். எண்பது வயது, கண்ணாடி அறுக்கும் தொழிலாளியாக இருந்து, தொழிற்சங்கத்தில் முடியை நரைக்கவிட்டவர். அவர் சட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "தீ வைக்கிறவனைப் பிடிக்க ஏற்கெனவே சட்டம் இருக்கு. கொல்லுவேன்னு சொல்றவனைப் பிடிக்கவும் இருக்கு. தெருவுல நிக்கிறவனைத் துரத்த ஒரு சட்டம் பண்ணினா, முதல்ல அதுல மாட்டுறது யாருன்னு நீங்களும் நானும் இப்பவே சொல்ல முடியாது." ரைசலுக்கு அவர் மேல் கோபம் வந்தது. குப்பைத் தொட்டிக்குப் பின்னால் இவர் நின்றாரா?

அவள் முறை வந்தது. கடிதத்தைப் படித்து முடித்தாள். குழுவிலிருந்த ஒரு பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மென்மையாகக் கேட்டார்:

"ரொம்ப வேதனையா இருக்கும்மா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். யாரையும் மிரட்டாம, பேசாம, ஒரு அட்டையோட ஒருத்தர் நின்னா? அப்படி நிக்கறதை விடலாமா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அத்தனை கண்களுக்கு முன் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. "வேண்டாம்," என்றாள். "யாரா இருந்தாலும் அங்க நிக்கக் கூடாது."

அவ்வளவுதான். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். கோடைக்காலத்தில் சட்டம் வந்தது. லுஸ்டிக்கோடு ஆலயத்தில் பாதிப் பேர் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களில் ரைசலும் ஒருத்தி. அவர் எதுவும் சொல்லாமல் வியாழன்தோறும் வந்து தோரா வாசித்துவிட்டுப் போனார்.

நூறு மீட்டர் என்பது துணிவெளுக்கும் கடையின் வாசலில் முடிகிறது. சல்மனே நாடாவால் அளந்து காட்டினான். அங்கிருந்து ஆலயத்தின் கதவு தெரியாது. தெரு வளைகிறது, நடுவில் அடர்ந்த சாலையோர மரங்கள் வேறு. அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் நான்கு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஃபைவல் எதிர்முனையிலிருந்து வருகிறவன். அவர்களை அவன் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

டிராமில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் காரை நிறுத்திக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனார். இன்னொருத்தி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். இரண்டு பேரும் அட்டையைப் படித்ததாகத் தெரியவில்லை. காப்பிக் கோப்பையோடு நடந்து வந்த ஒரு ஆள் நின்று விசாரித்தார்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"பொண்டாட்டி பக்கம்," என்றாள் ப்ரோகா.

அந்த ஆளுக்குப் புரியவில்லை. கடைக்காரர் வெளியே வந்து, துணி கொடுக்க வருகிறவர்கள் பயப்படுகிறார்கள், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று கேட்டார். தள்ளி நின்றார்கள். மூன்றாவது வாரம் மற்ற இரண்டு பெண்களும் வரவில்லை.

"என்னடி பண்ணலாம்?" ப்ரோகா அட்டையால் வெயிலை மறைத்துக்கொண்டு கேட்டாள். "இங்க நிக்கிறதுக்கு ஆன்ட்வெர்ப்லயே போய் நிக்கலாம்."

ரைசல் தன் அட்டையைச் சுருட்டத் தொடங்கினாள். ஏழு வயதில் பார்த்த ஒரு காட்சி அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தொழுகைக்குப் போகிற சின்ன ஆலயம். வாசிப்பு தொடங்கும் நேரத்தில் ஒரு இறைச்சிக்கடைக்காரர் எழுந்து போய் வாசிப்பு மேசையில் கையை ஊன்றினார். தன் பங்காளி தன்னை ஏமாற்றிவிட்டான், சபை ஒரு பதில் சொல்லாமல் சுருளைத் திறக்க விடமாட்டேன் என்றார். சிலர் கத்தினார்கள். சிலர் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். ஆனால் யாரும் அவர் கையை எடுக்கவில்லை. அது பழைய வழக்கம். நியாயம் கிடைக்காதவன் வாசிப்பை நிறுத்தலாம். கேட்பாரில்லாத விதவைகள்கூட அந்தக் காலத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று அப்பா வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். அதன்பிறகு அவள் எங்கேயும் அதைப் பார்த்ததில்லை. ஆனால் வழக்கம் ஒழிந்துவிட்டதாகவும் யாரும் சொன்னதில்லை.

"உள்ள போய் நிக்கப் போறேன்," என்றாள் ரைசல்.

பஸ்காவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த வியாழன் பெண்கள் பக்கத்தில் ரைசலும் ப்ரோகாவும் மட்டும் இருந்தார்கள். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் பதினான்கு ஆண்கள். பேழையைத் திறந்து சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அதன் வெல்வெட் உறையைக் கழற்ற லுஸ்டிக் கை வைத்தபோது ரைசல் எழுந்தாள். தட்டிக்கு ஓரத்திலிருந்த சிறு கதவைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் பக்கம் நடந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தரையில் அவள் கால் பட்டதில்லை. எல்லோர் கண்ணும் தன்மேல் இருப்பது தெரிந்தது. மேசை விளிம்பில் வலதுகையை ஊன்றினாள்.

"வாசிப்பை நிறுத்துறேன்," என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "எனக்கு நியாயம் வேணும். அதுவரைக்கும் வாசிப்பை நிறுத்துறேன்."

ஃபைவல் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்தான். "இது என்ன கூத்து? சல்மன், போலீசைக் கூப்பிடு. ஆலயத்துல கலாட்டா பண்ணக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. இவளே போய்க் கேட்டு வாங்கின சட்டம்."

அந்தக் கடைசி வார்த்தை ரைசலின் மேல் போய் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

கதவருகே நின்ற சல்மன் ரபி டைக்மனைப் பார்த்தான். ரபி அமைதியை விரும்புகிறவர். யார் மனமும் கோணாமல் நடக்கப் பார்ப்பார். பதினோரு வருஷமாக இந்த விஷயத்தில் அவர் செய்ததும் அதுதான். இப்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"சல்மன்," என்றான் ஃபைவல் மறுபடியும்.

"வெளிய நின்னா என் வேலை," என்றான் சல்மன். "உள்ள நிக்கிறவங்க ரபி பொறுப்பு."

லுஸ்டிக் உறையின் மேலிருந்து கையை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "கண்ணாடி இல்லாம எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ரபி," என்றார்.

ரபி வந்து மேசையின் மறுபக்கம் நின்றார். பிறகு சொன்னார்: "இந்த வழக்கம் நம்ம எல்லாரையும்விடப் பழசு. நிறுத்தினவங்களுக்குப் பதில் கிடைக்கணும். ஃபைவல், நீதான் பதில் சொல்லணும்."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

"எங்களுக்கும்தான்," என்றார் பின்வரிசையில் ஒருவர். ஆனால் அவரும் எழவில்லை.

பத்து நிமிஷம் போனது; இருபது போனது. யாரோ செல்போனில் ஆபீசுக்குத் தகவல் அனுப்பினார்கள். வெளியே டிராம் இரண்டு போனது. ரைசல் கையை மாற்றவில்லை. விரல்கள் மரத்துப்போயின. ஃபைவலை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுருளின் உறையில் தங்கநூலால் தைத்திருந்த பெயரையே படித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு அம்மாளின் நினைவாகக் கொடுத்தது. அதன் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது.

ஃபைவல் கோட்டை எடுத்தான். கதவுவரை போனான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். பதின்மூன்று ஆண்களும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. தெருவில் அட்டைகளைத் தாண்டிப் போவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இவர்கள் நாளைக்கும் அவனோடு பக்கத்தில் நின்று ஜெபிக்க வேண்டியவர்கள்.

"புதன்கிழமை வர்றேன்," என்றான். "மன்றத்துக்கு."

ரைசல் முதல்முறையாகத் திரும்பினாள். "எந்தப் புதன்?"

"அடுத்த புதன்."

"எத்தனை மணிக்கு?"

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"பத்து," என்றான்.

ரபி தலையசைத்தார். "பதிமூணு சாட்சி இருக்கோம்."

"பதினஞ்சு," என்றது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ப்ரோகாவின் குரல். "நானும் இருக்கேன், சல்மனும் இருக்கான்."

ரைசல் கையை எடுத்தாள். லுஸ்டிக் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவளுக்கு லேசாக நகர்ந்து வழிவிட்டார். அவள் பெண்கள் பக்கத்துக்குத் திரும்பிய பிறகுதான் உறையைக் கழற்றினார்கள். அன்றைய வாசிப்பு முழுவதும் அவளுக்குக் காதில் ஏறவில்லை.

புதன்கிழமை ஃபைவல் பத்து மணிக்கு வரவில்லை. பத்து நாற்பதுக்கு வந்தான். அந்த நாற்பது நிமிஷம் பதினோரு வருஷத்தைவிட நீளமாக இருந்தது என்று அவள் பின்னால் ப்ரோகாவிடம் சொன்னாள். எழுத்தர் இறகால் பன்னிரண்டு வரி எழுதி, மை காயும்வரை ஊதாமல் காத்திருந்தார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொன்னார்கள். சீட்டு விழுகிறவரை விரலை மடக்கக் கூடாது என்றார்கள். ஃபைவல் மடித்த தாளை அவள் கையில் போட்டான். அது ஒரு இலையின் கனம்கூட இல்லை. விரல்களை மூடிக்கொண்டு, சொன்னபடி கதவுவரை நடந்து திரும்பி வந்தாள். தாளை வாங்கி ஓரத்தில் வெட்டி அவர்களே வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். பசிதான் வந்தது.

பண்டிகை முடிந்த வாரம், கடையில் எட்டு விக்குகள் சுருள்கட்டையோடு காய்ந்துகொண்டிருக்க, அவள் அதே குழுவுக்கு இரண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தாள். முதலாவது ஒரு பிற்பகலில் முடிந்தது. இது நான்கு நாள் இழுத்தது.

சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுத அவளால் முடியவில்லை. எழுதிப் பார்த்தாள், குப்பைத் தொட்டியின் வாடை மூக்கில் ஏறியது. அந்த வரியை அடித்துவிட்டாள். சட்டம் அப்படியே இருக்கட்டும் என்றும் எழுத முடியவில்லை. கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். முடிவில் இப்படி எழுதியிருந்தாள்:

"அட்டையோடு பேசாமல் நிற்பவரை விடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். தவறாகச் சொல்லிவிட்டேன். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் நின்ற அதே நடைபாதைக் கல்லில்தான் நானும் நின்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றுதான். கிட்டே வந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, பிறகு முடிவு செய்யும்படி சட்டத்தை மாற்ற வழி உண்டா என்று பாருங்கள். எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அன்று சொன்ன பதிலை மாற்றிக்கொள்கிறேன்."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. குழுவின் முன் சொன்னதைப் பதிவில் திருத்த விதி இல்லை. சட்டம் ஒரு வருஷத்தில் மறுபரிசீலனைக்கு வரும்போது இந்தக் கடிதம் அவளுடைய சாட்சியத்தோடு சேர்த்து வைக்கப்படும் என்று இருந்தது.

அவள் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரத்துக்கு ஆலய வாசலுக்குப் போனாள். லுஸ்டிக் கடைசியாக வந்தார். ரைசல் அவரிடம் பேசி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் கடிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நடைபாதையில் நின்றே இரண்டு தடவை படித்தார்.

"சேர்த்து வெக்கிறாங்களாம்," என்றார்.

"ஆமா."

"என் பேச்சும் அங்கதான் இருக்கு. உங்களுதுக்கு முந்தின பக்கம்." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் கிடக்கும்."

தாள் அவள் கையிலிருக்க, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நடைபாதையிலேயே நின்றார்கள். வாசலில் நின்ற சல்மன் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.